காலி அட்டைகளை எண்ணியவள்

அந்தச் சாக்குப்பையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொல்லிமலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் கணினியில் விவரம் ஏற்றுவது என் வேலை. கர்ப்பிணிகள் விழுங்கி முடித்த இரும்புச்சத்து மாத்திரைகளின் காலி அட்டைகள் மாதாமாதம் அந்தப் பையில் வந்து சேரும். அட்டை காலியென்றால் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தமாம். நானும் எண்ணி, நூற்றுக்கு நூறு என்று ஏற்றுவேன். கூட்டத்தில் எங்கள் அதிகாரிக்குக் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் அதில் பெருமை, வெட்கங்கெட்ட பெருமை.

மலையில் திருப்புலி நாட்டு ஊர்களுக்குப் போய்வந்த கிராமச் செவிலியரை எல்லோரும் சிஸ்டர் என்போம். அவர் அட்டையை நம்பவில்லை. ஒரு ஊரில் கர்ப்பிணிகளின் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார். பாதிப் பேருக்குச் சோகை. “மாத்திரையெல்லாம் எங்க போவுது சாமி?” என்று கிழங்குக் காட்டிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். “காத்தால வெறும் வவுத்துல முழுங்குனா கொமட்டுதுங்க. மொளகுக் கொடிக்கடியில போட்டுருவமுங்க. அட்டை குடுக்கலீன்னா நீங்க ஏசுவீங்களே?” என்றார்களாம். சிஸ்டர் ஏசவில்லை. ராத்திரி களி தின்ற பிறகு விழுங்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அதே விரல்களைக் குத்தினார். ரத்தம் ஏறியிருந்தது.

அதை நோட்டில் எழுதிக்கொண்டு அதிகாரியிடம் வந்தார். “எல்லா ஊர்லயும் இப்படியே செய்யலாமுங்க சார். அட்டைய எண்ண வேண்டாம், ரத்தத்தப் பாக்கலாம்.” அந்த மனிதர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. “நூத்துக்கு நூறு வருதேம்மா, அப்புறம் என்ன?” என்றார். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். சிஸ்டர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். பேசியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அடுத்த மாதமே, சிஸ்டர் ரத்தம் பார்த்த ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை. இழப்பதற்கு அவள் உடம்பில் ரத்தமே இல்லை. சிஸ்டர்தான் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றார். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. போன் வந்ததும் அதிகாரி முதலில் விசாரித்தது அவளுடைய அட்டை எண்ணிக்கையை! “எல்லாம் சரியா இருக்குங்க சார்” என்றேன். “அப்ப நம்ம மேல தப்பில்ல” என்று மூச்சு விட்டார். அனுமதியில்லாமல் ரத்தம் எடுத்ததற்கு சிஸ்டருக்கு மெமோ அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

இப்போது மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவே வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? அந்தப் பெண் செத்த அன்றைக்குச் சாயங்காலம் சேலையெல்லாம் ரத்தக்கறையோடு சிஸ்டர் அந்த ஊரிலிருந்து நேராக வந்து நின்றார். நான் நீட்டிய மெமோவைப் படிக்கவில்லை.

“அந்தப் புள்ளைக்கு ரத்தம் ஏத்திட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார்.

“இங்க கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்” என்றேன்.