சாராயத்தில் வந்த பாசி விலங்கு

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டுவிட்டு நின்றிருந்தபோது தனத்தின் தம்பி போன் செய்தான். "கோமதிக்கா, அக்கா காத்தால போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றான். தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போடும்வரை மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

நம் கல்லூரியில் படித்த உங்களில் பலருக்கு அவர் விலங்கியல் துறை தனலட்சுமி மேடம். எனக்குத் தனம். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் விலங்கியல், நான் தாவரவியல். அவளைப் பற்றி 'அவர்' போட்டு எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் அவளுடையது. சாராய வாடையோடு யாராவது சாமான் வாங்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் அவள் அப்பா. அந்த வீட்டுப் பெண் சாராயப் புட்டியோடு போலீசில் மாட்டிய கதையை நீங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். கூட இருந்தவள் நான். அன்றைக்கு அது சிரிக்கிற மாதிரி இல்லை.

எழுபதுகளின் கடைசி. பூரணாங்குப்பத்துப் பக்கம் உப்பங்கழியில், படகு கட்ட நட்டிருந்த மூங்கில் கழிகளில் பழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. பாசி படித்தவளான எனக்கே அது பாசியாகத்தான் தெரிந்தது. தனம் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "பாசி இல்லடி, பிராணி. நூலு மாதிரி கொடி ஓடுது, அதுல கொத்துக் கொத்தா குட்டி ஜாடி. ஒவ்வொரு ஜாடியிலயும் ஒண்ணு குடியிருக்கு" என்றாள். பிரையோசோவா எனப்படும் பாசி விலங்கு. மெத்தென்ற உடம்பு, உடனே ஸ்பிரிட்டில் போடாவிட்டால் அழுகிவிடும். கல்லூரியில் ஸ்பிரிட் தீர்ந்து, அடுத்ததற்கு அனுமதி வராத நேரம். அவள் கையைப் பிசைவதைப் பார்த்த படகுக்காரர், "இதுக்கு இன்னாம்மா, நம்ம கடையில இல்லாததா?" என்று போய் ஒரு புட்டி சாராயம் வாங்கி வந்தார். அதில்தான் போட்டாள்.

அந்த விலங்கின் குடும்பத்தைச் சொல்ல வேண்டியது அதன் வயிற்றில் இருக்கும் அரைப்பை. கோழிக்கு இருக்குமே, அதுபோல, தின்றதை அரைக்க உள்ளே பல் வைத்த சின்னப் பை. அது இருந்தால் ஏற்கெனவே யாரோ பெயர் வைத்த இனம். இல்லாவிட்டால் உலகத்தில் யாரும் பார்க்காத புது இனம், பெயர் வைக்கப் போகிறவள் தனம். எங்கள் கல்லூரி மைக்ராஸ்கோப்பை வைத்து அதை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இதற்குள் மழை வந்து, ஆற்று வெள்ளம் உப்பங்கழியைக் கழுவிவிட்டுப் போனது. மறுபடி போய்ப் பார்த்தபோது கழிகள் மொட்டையாக நின்றன. புட்டியில் இருந்ததுதான் மிச்சம்.

கடலூருக்குத் தெற்கே இந்த விலங்குகளில் கரைகண்ட பேராசிரியர் ஒருவர் இருந்தார். மறுநாள் வெளிநாடு கிளம்புவதாகவும், அன்றே வந்தால் பார்த்துச் சொல்வதாகவும் தகவல் அனுப்பினார். விழுந்தடித்துக்கொண்டு பாகூரில் பஸ் ஏறினோம், புட்டி அவள் மடியில். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தெருவுக்குத் தெரு சாராயக் கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மாநில எல்லையைத் தாண்டினால் அதே சரக்கு குற்றம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அந்தப் பக்கம் அப்போது மதுவிலக்கு. சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஏட்டு ஒருவர் ஏறி, பைகளைத் தடவிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"இன்னாம்மா அது?"

"கடல் பிராணி சார். காலேஜ் வேலை" என்றாள் தனம்.

மூடியைத் திறந்து மோந்தார். "பிராணி இப்படியா வாசம் அடிக்கும்? ரெண்டு பேரும் எறங்குங்க."

"படிச்ச பொம்பளைங்களே கடத்த ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கீழே இறங்கி நின்றோம். பஸ் கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தது. ஏட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். "பொம்பளைங்களாச்சேன்னு பாக்குறேன். இங்கியே கீழ ஊத்திட்டுப் போங்க. இல்லன்னா ஸ்டேஷன்."

ஸ்டேஷனுக்குப் போனால் பேராசிரியரைப் பார்க்க முடியாது. கீழே ஊற்றினால் அந்த உடம்பு மண்ணில் காய்ந்து சருகாகிவிடும், அதற்குப் பிறகு வயிற்றில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஊத்துங்க சார்" என்றாள் தனம். "ஆனா இதுல ஊத்துங்க."

முந்தானையை நாலாக மடித்து இரண்டு கையாலும் ஏந்தினாள். ஏட்டு ஊற்றினார். சாராயம் புடவையில் ஊறித் தரையில் சொட்டியது, பழுப்பு நூல்கள் துணியில் தங்கின. ஈரத்தோடு அப்படியே சுருட்டி, முடிச்சுப் போட்டு, கைக்குள் பொத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் போனார்கள். "ஜன்னல மூடுடி, காத்துல காஞ்சிடும்" என்றாள்.

பேராசிரியர் முதலில் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் வாடையை மறந்துவிட்டார். உடம்பு கண்ணாடிபோலத் தெளிய, அப்பா கடையிலிருந்து எடுத்து வந்திருந்த கிராம்பு எண்ணெயைக் கொடுத்தாள் தனம். அவர் ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "அரைப்பை இல்லம்மா. புது இனம்தான். எழுதிடு, நான் சிபாரிசு பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனார். நான் சந்தோஷத்தில் அவள் கையைக் கிள்ளினேன்.

"இன்னும் ஒண்ணு பாத்துடலாம் சார்" என்றாள் அவள்.

தானே எடுத்து வைத்துக் குனிந்தாள். நிமிரவே இல்லை. ஊசியால் மெல்லத் திருப்பினாள், மறுபடி பார்த்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பேராசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பேசாமல் நிமிர்ந்திருந்தால் போதும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"இருக்கு சார்" என்றாள்.

அவர் வந்து பார்த்தார். மற்ற மூன்றிலும் குடல் சுருங்கிப்போய் மறைத்திருக்கிறது என்றார். எங்கோ வேறொரு கடற்கரையில் எவரோ முன்பே பெயர் வைத்துவிட்ட இனம்.

திரும்பும் பஸ்ஸில் ஆத்திரம் தாங்காமல் சண்டை போட்டேன். "வாய மூடிக்கினு இருந்தா இன்னாடி? யாருக்குத் தெரியும்?"

"அப்பன் ஆத்தா இருக்குற புள்ளைய அனாதைன்னு எழுதச் சொல்றியா?" என்றாள்.

இப்போது ஆளாளுக்கு, அவர் பேருக்கு ஆசைப்படாதவர் என்று பேசுவீர்கள். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். ஆசைப்பட்டாள். பூரணாங்குப்பத்தின் பெயரைச் சேர்த்து அதற்கொரு பெயரே யோசித்து வைத்திருந்தாள், என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதனால்தான் "இருக்கு சார்" என்றபோது அவள் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் சொன்னாள். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் குரலைத்தான், அதன் நடுக்கத்தோடு சேர்த்து.