மிதி, விடு

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எங்காத்துக்காரர் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் குட்டிக் காரை அப்படிப் பார்ப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு கை மாறி எங்களிடம் வந்த வண்டி. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், எங்கள் வாசலில் நிற்கும். அவர் காலேஜில் கணக்கு வாத்தியார். பேச்சு கம்மி, சிரிப்பு அதைவிடக் கம்மி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். காவிரிப் பாலம் ஏறியதும் வாய்க்குள்ளேயே ஏதாவது பாட ஆரம்பிப்பார். அதைக் கேட்பதற்காகவே நானும் குழந்தைகளும் முண்டியடித்துக்கொண்டு ஏறுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானரால் முடுக்குவார். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைத் தொடும். அப்புறம் துளி தளர்த்த வேண்டும். நான் ஒன்பது கஜப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருவேன்.

"மிதி" என்பார். மிதிப்பேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பார், அசையாது. "விடு" என்பார். சக்கரம் தாராளமாகச் சுற்றும். தெருவில் போகிறவர்கள், "என்ன மாமி, டிரைவிங் கத்துக்கறேளா?" என்று சீண்டுவார்கள். "ஆமாம், மெட்ராஸுக்கே ஓட்டிண்டு போகப் போறேன்" என்பேன்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் அவருடைய வலது கால் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்க ஆரம்பித்தது. வார் தளர்ந்துவிட்டது என்று தைத்து வாங்கி வந்தார். மறுபடியும் கழன்றது. தைத்தவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அதே சமயத்தில்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். லேசாக மிதித்தாலே பிடிக்கட்டும் என்று வாராவாரம் முடுக்கினார். முடுக்கியது அதிகமாகி, ஷூ உரசிக்கொண்டே ஓடி, பாலத்தின் பாதியில் கருகல் நாற்றம் வந்தது. டிரம்மில் கை வைக்க முடியவில்லை. தளர்த்தினார். டிரம்மைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிரேக் ஆயிலை மாற்றினார், குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றினார். எல்லாம் திருஷ்டி என்று நான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னேன். பழம் நசுங்கியது. பிரேக் என்னவோ அப்படியேதான் இருந்தது.

ஒரு சாயங்காலம் சித்திரை வீதி முனையில் பெருமாள் புறப்பாடு எதிரே வந்தது. எங்களூரில் அந்த மேளச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கைகூப்பி நிற்பார்கள். அவரும் மிதித்தார். வண்டி நிற்காமல் மெல்ல உருண்டுகொண்டே போனது. முன்னால் தீவட்டி, ஜனங்கள், தோளில் குழந்தைகள். "நிறுத்துங்கோன்னா!" என்று அலறினேன். "மிதிச்சிண்டுதான்டி இருக்கேன்!" என்றார். கை பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். தீவட்டி பிடித்தவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அன்றைக்கு அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே பெருமாளைச் சேவித்தார்.

மறு ஞாயிறு மறுபடியும் ஜாக்கி, ஸ்பானர். "மிதி" என்றார். மிதித்தேன்.

"அசையலையே. கல்லு மாதிரி நிக்கறது. ரோட்டுல மட்டும் என்ன கேடு இந்தச் சனியனுக்கு?"

நான் மிதித்தால் நிற்கிறது. அவர் மிதித்தால் ஏன் நிற்கவில்லை? கழன்று கழன்று விழுந்த அந்த வலது கால் செருப்பு ஞாபகம் வந்தது. கீழே இறங்கினேன்.

"ஏன்னா, சித்த நீங்க வந்து மிதிங்கோ. நான் சுத்திப் பார்க்கறேன்."

ஏறி உட்கார்ந்தார். நான் மண்ணில் உட்கார்ந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "மிதிங்கோ" என்றேன். இழுத்தேன். கனத்தது, ஆனாலும் சுற்றியது. நின்றுவிடேன், நின்றுவிடேன் என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினேன். என் கையோடு வந்துகொண்டே இருந்தது.

"பிடிச்சுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

பிடித்தது என்று சொன்னால் திங்கட்கிழமை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போவார். பாடிக்கொண்டே போவார். "பிடிக்கலை" என்றேன்.

"இப்போ நன்னா மிதிக்கறேன் பாரு."

"இன்னும் சுத்தறது."

புத்தூர் டாக்டர் பரிசோதித்து, கால் பலம் இழப்பது நரம்பு வியாதி என்று சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு அவர் வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். எத்தனை நாளாக அப்படி இறங்குகிறாரோ, நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பானெட்டின் மேல் படிந்திருந்த தூசியை வேஷ்டித் தலைப்பால் துடைத்தார்.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்லை. பாவம், இதைப் போய் வாராவாரம் வைதிருக்கேன்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெருவென்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.