ஏழாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் அப்போது தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்த கத்தோலிக்கர்கள் மூன்றே பேர். ஒருவருக்குக் கண்ணில் புரை. இன்னொருவர் குடிக்காமல் இருக்கும் மாலை வேளை வருஷத்தில் ஒன்றிரண்டு வரும். மிச்சம் நான். குட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி, வயது இருபத்து நான்கு, கல்யாணமாகவில்லை, தலைமுடி மட்டும் அவசரப்பட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. தியானப் புத்தகத்தைக் கோயில் சாமியார் என் கையில் கொடுத்தது இதனால்தான். என் பக்தியைப் பார்த்துக் கொடுத்தார் என்று சொன்னால் அந்த மனிதரின் புத்திக்கு அது அவமரியாதை.

நாளுக்கு ஒரு பக்கமாக வருஷம் முழுவதற்கும் வரும் தடித்த புத்தகம். குகையிலும் மடத்திலும் ஒதுங்கி, சர்வேசுரனோடு தனித்திருந்தவர்கள் கண்டதையும் காணாமல் தவித்ததையும் யாரோ பழைய தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் "ஓ ஆத்துமமே!" என்று ஆரம்பிக்கும். எனக்கு அதில் பாதி புரியாது. புரியாததைக் கம்பீரமாக வாசிப்பது எனக்குக் கைவந்த கலை. குட்ஸ் ஷெட்டில் துரை அனுப்பும் சுற்றறிக்கைகளை அப்படித்தான் வாசிப்பேன்.

மாலை ஆறுக்குத் திரிகால மணி அடித்ததும், கடைசி வீட்டின் முன்னால் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளில் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்காருவார்கள். அந்த வீடு, ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அண்ணனுடையது. நான் பக்கத்தை வாசிப்பேன், கால் மணி நேரம். பிறகு அண்ணன் எழுந்து நின்று ஜெபம் சொல்வார், முக்கால் மணி நேரம். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஆண்டவரோடு பேசுவதற்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

"சாமி, மூணாம் நம்பர் பாயிண்டு இறுகிப்போயி கெடக்கு. எவ்வளவு எண்ணெ விட்டாலும் நகர மாட்டேங்குது. நீதான் பாத்துக்கணும். செந்தூல் ஒர்க்‌ஷாப்புல கால்ல இரும்பு விழுந்தவனுக்கு வீக்கம் வடியட்டும். நம்ம கிராணித் தம்பிக்கு ஒரு பொண்ணக் காட்டு சாமி. முடி இருக்கும்போதே காட்டு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அது நிஜ விண்ணப்பம். பக்கத்து வீட்டு இந்துக்கள் இரண்டு மூன்று பேரும் வந்து உட்காருவது இந்த ஜெபத்துக்காகத்தான், என் வாசிப்புக்காக அல்ல.

கடைசியில் பெயர்கள் வரும். கிள்ளான் பக்கம் தண்டவாளம் போட்டபோது அண்ணனோடு ஒரே கொட்டகையில் படுத்திருந்து, காட்டுக் காய்ச்சலில் போன பதினோரு பேர். புதைத்த இடத்தில் ஒரு குச்சிகூட இல்லை. கடலுக்கு அப்பால் ஊரில் அவர்களுக்கு யார் இருந்தார்கள் என்றும் தெரியாது. போன வரிசைப்படியே ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள் நிறைந்த மந்திரம். இருபது வருஷமாக ஒருநாள் தவறாமல். அந்த நேரத்தில் நான் கால் கட்டைவிரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வேறெதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

பெரும்பாலும் படத்தை நினைப்பேன். அப்போது கூடாரத்தில் ஊமைப்படம் ஓடிக்கொண்டிருந்தது, வாரம் ஒரு துண்டாகத் தொடர்கதை. நாற்பது நாள் நோன்பான தபசு காலம் ஆரம்பித்து அன்று முதல் சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் கதாநாயகியை ஒரு மலை உச்சியில் ஒற்றைக் கையில் தொங்க விட்டிருந்தார்கள். ஏழு மணிக்கு ஆட்டம். அண்ணன் பதினோரு பேரையும் கரையேற்றிவிட்டு உட்காரும்போது அவள் விழுந்தே போயிருப்பாள்.

அதனால் அன்றைய பக்கத்தின் முடிவில், என் கம்பீரக் குரல் கொஞ்சமும் மாறாமல், புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்து வாசித்தேன்:

"ஓ ஆத்துமமே! ஓயாமல் பேசுகிறவன் சர்வேசுரன் பேசுவதற்கு இடங்கொடான். பெயர்களை அடுக்காதே; அவருக்கு மறதியில்லை. வாய் மூடி நில்."

சொந்தச் சரக்கு என்று தெரியாத அளவுக்கு நன்றாகவே வந்திருந்தது. அண்ணன் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் முதல் ஆளாகக் கிளம்பினேன். கதாநாயகி பிழைத்துக்கொண்டாள். வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

மறுநாளும் அண்ணன் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முதல் வாரம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் இந்துக்கள் வருவதை நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம் நான் வாசித்து முடித்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவார்கள். ஒருமாத முடிவில் அண்ணனின் மனைவி குழாயடியில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, அந்தப் பக்கத்த எனக்கு இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டுறியா?"

"எந்தப் பக்கம் அக்கா?"

"இவரு வாய அடைச்ச பக்கம்."

அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"இருபது வருஷமா சாமியப் பேசவுடாம நான் ஒருத்தனே பேசிட்டேனேன்னு பொலம்புறாரு. அந்தப் பேருங்க மனசுல வந்தாக்கூட வெரட்டுறாரு, அடுக்கக் கூடாதாமில்ல? இப்ப ஏழாவது ஆளு பேரு போயிடுச்சு தம்பி. நேத்து எங்கிட்டக் கேக்குறாரு. நான் அடுப்பப் பாத்தேனா, பேரக் கேட்டேனா? சோறு எறங்கல அவருக்கு."

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கும் மரத்தொட்டியின் இருட்டில் முழந்தாளிட்டு, "கோபப்பட்டேன் மூன்று தடவை, பூசைக்குப் பிந்தினேன் இரண்டு தடவை, பொய் சொன்னேன் ஒரு தடவை, ஒருசந்தியன்று கருவாடு முகர்ந்தேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். பொய்யைக் கருவாட்டுக்கு முன்னால் ஒளித்து வைத்தேன் என்பதைக் கவனிக்கவும்.

"என்ன பொய்?" என்றார் சாமியார்.

"சின்னது சாமி."

ஐந்து அருள் நிறைந்த மந்திரம் விதித்தார். சின்னப் பொய்க்கு உள்ள விலை. வெளியே வந்தபோது எனக்கு ஒன்றும் இறங்கின மாதிரி இல்லை.

அப்போதும் நேர்வழி என் கண்ணில் படவில்லை. பொய்யால் பூட்டியதைப் பொய்யால் திறக்கலாம் என்று தோன்றியது. அன்று மாலையே புத்தகத்தில் இன்னொரு பத்தியை முளைக்க வைத்தேன். "ஓ ஆத்துமமே! மௌனம் போதும். வாயைத் திற. மரித்தோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு."

அண்ணன் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் ஒரு கணம் ஆசை வந்ததைப் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினார்.

"பாத்தியா தம்பி, சோதிக்கிறாரு. நோம்பு புடிக்கிறவன் முன்னால சோத்த வச்சிப் பாக்குற மாதிரி. நான் அசைய மாட்டேன்."

மறுநாள் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் வைத்தபடி, எது புத்தகத்தில் இருந்தது, எது என் மண்டையில் இருந்தது, எந்தப் படத்துக்காக என்பதையெல்லாம் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், பழக்கதோஷம். யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "அப்ப, அடுத்த வீட்டுக் கோழியக் கல்லால அடிக்காதேன்னு வந்துச்சே, அது?"

"அதுவும் நான்தான் அண்ணே. அது என் கோழி."

"அடப்பாவி! நான் அதுக்காகப் பூசையில நன்மை வாங்காம இருந்தேன்டா ரெண்டு வாரம்!"

பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் எழுந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்; லீவரை இழுத்து இழுத்து உரம் ஏறிய கை அது. அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்ததென்று வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, அது போவட்டும். தம்பி, நீ தெனமும் முன்னாலதானே ஒக்காந்திருந்த? வாசிச்சவன், புத்தியுள்ளவன். அந்த ஏழாவது ஆளு பேரு ஒனக்கு ஞாபகம் இருக்கும்லே?"

ஒன்றரை வருஷம், நாள்தோறும், மூன்று அடி தூரத்தில் அந்தப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. நான் யோசித்தேன். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் மண்ணில் போட்ட கோடுகளும், மலையிலிருந்து தொங்கிய ஒரு வெள்ளைக்காரியும்தான்.

"இல்லண்ணே," என்றேன்.

பொய் சொல்லி ஒரு பெயரைக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது பெரிய காரியமில்லை. அன்றுதான் நாக்கு எழவில்லை.

மற்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் அண்ணன் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, இது இல்லை என்று தலையசைத்தார். யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று எல்லோருமே இருந்திருக்கிறோம்.

அந்த வாரமே அண்ணனின் ஜெபம் திரும்பி வந்தது, இந்துக்களும் வந்தார்கள். மூணாம் நம்பர் பாயிண்டும் என் தலைமுடியும் பழையபடி ஆண்டவரின் பார்வைக்குப் போயின. அக்கா மட்டும் என் பக்கத்துக் கட்டைக்கு இடம் மாறினார். எழுத்துத் தெரியாதவர், ஆனால் நான் வாசிக்கும்போது என் கண் போகும் போக்கைப் பார்த்து வரிக்கு வரி விரலை வைத்து, விரல் பக்கத்தின் அடிக்கு வந்ததும் எடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு சொல் வந்தால் என் காது அவர் கையில்.

நான் படத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. அவ்வளவு நல்லவன் ஆகிவிடவில்லை. தாமதமாகப் போய், கதாநாயகி பிழைத்த பிறகு உட்காருவேன். பத்துப் பெயர்களையும் இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஆறாவதைச் சொல்லி, மந்திரத்தையும் முடித்துவிட்டு, அண்ணன் நிற்பார். அந்த இடத்தில் நான் தலையைத் தூக்கியதே இல்லை. ஸ்டேஷன் பக்கம் ஏதாவது இஞ்சின் நீராவி விடும் சத்தம் கேட்கும்.

"சாமி, ஏழாவது ஆளு," என்பார் அண்ணன். "ஒனக்குத் தெரியும். கிராணிக்குத் தெரியாதாம்."

பிறகு அந்த ஆளுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம். அதை நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.