கரும்புத் தொட்டிலில் பத்து மாதம்

“…பத்து மாசம்தாங்க ஆவுது. எங்க வூட்டுக்காரர் பக்கம் எல்லாருமே கொஞ்சம் வாட்டசாட்டம், அதான் பாக்கப் பெருசாத் தெரியறான்” என்று அம்மா முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னபோது, அவள் மடியிலிருந்த என் தம்பிக்கு இரண்டரை வயது முடிந்திருந்தது.

எனக்கு ஒன்பது வயது. யார் தப்பாகச் சொன்னாலும் திருத்திவிடுகிற வயது. வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

கார்த்திகைத் தேர் ஓடும் நாளில் எங்கள் ஊர் மாட வீதியில் கரும்புத் தொட்டில்கள் வரும். பிள்ளை வேண்டிக்கொண்டவர்கள், பிறந்ததும் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, புடவையில் தூளி போட்டு, குழந்தையை அதில் கிடத்திக் கோயிலைச் சுற்றி வருவார்கள். எனக்குப் பின் வெகுகாலம் கழித்துப் பிறந்தவனுக்காக அம்மாவும் வேண்டியிருந்தாள். முதல் வருஷம் பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. அடுத்த வருஷம் ஆட்டோ கவிழ்ந்து அப்பாவுக்குக் கையில் மாவுக்கட்டு. வேண்டுதல் தள்ளிப்போனது.

தம்பியின் விஷயமும் அப்படியே தள்ளித் தள்ளித்தான் போனது. கழுத்து நிற்கவே நாளானது. குப்புற விழுந்தது வெகு தாமதம். எங்கள் வீட்டில் குழந்தை வளர்ந்தால் பலகாரம் உண்டு. வாசற்படி தாண்டி நடந்தால் கொழுக்கட்டை. நான் பத்து மாதத்திலேயே நடந்து கொழுக்கட்டை சுட வைத்தவள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். தம்பி படி பக்கமே போகவில்லை. வரவேண்டிய கொழுக்கட்டை வராத கோபம் எனக்கு அவன்மேல் நிறையவே இருந்தது.

வேலூரில் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாராம். எல்லாக் குழந்தையும் தலையிலிருந்து காலுக்குத்தான் வளரும். முதலில் கழுத்து, அப்புறம் முதுகு, கடைசியில்தான் கால். வரிசை மாறாது, வேகம்தான் ஆளுக்கு ஆள் மாறும். அப்படியானால் இவன் எப்போது நடப்பான் என்று அம்மா கேட்டாள். அதை மட்டும் சொல்ல முடியாதும்மா என்றாராம்.

அத்தைக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. “சாமிக்குச் சொன்னத செய்யல நீ. அது புள்ள காலப் புடிச்சி வெச்சிருக்கு” என்றாள். தொட்டில் சுற்றி முடித்து ராஜகோபுரத்துக்கு எதிரே கால் ஊன்ற விட்டால் நின்றுவிடுவான் என்றாள். டாக்டரிடம் நாள் இல்லை, அத்தையிடம் இருந்தது. அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷத் தேரன்று, முன்னால் அப்பா, பின்னால் மாமா, நடுவில் தூளியில் தம்பி. பச்சைக்குழந்தைக்குக் கட்டுகிற கரும்பு அவனைத் தாங்குமா? கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்தருகே மடேரென்று முறிந்தது. நல்லவேளை, அம்மா பிடித்துக்கொண்டாள். மோர் விற்றவர் சிரித்தார். “புள்ளைய தூக்கினு வந்தீங்களா, புள்ளையோட அப்பன தூக்கினு வந்தீங்களா?” மாமாவும் கூடச் சிரித்துவிட்டு வேறு கரும்பு வாங்க ஓடினார். அப்பா முறிந்த கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். அங்கே இன்னொரு தொட்டிலை இறக்கி வைத்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றது. அதன் அம்மாதான் எங்களைப் பார்த்து, “எத்தினி மாசங்கக்கா?” என்று கேட்டவள்.

அன்று ராஜகோபுரத்துக்கு எதிரே இறக்கிவிட்டபோது நடந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் தம்பியை அப்பாதான் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கிறார். முடி நரைத்த அப்பா, மீசை அரும்பிய தம்பி.

பத்து மாசம் என்றதும் அந்தப் பெண் தம்பியின் பாதத்தை மெல்லத் தொட்டாள். அவனுக்குக் கூச்சம். கடைவாய்ப் பல்வரை தெரியச் சிரித்தான். அவள் அந்தப் பல்லைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், “இன்னும் ரெண்டு மாசத்துல நடந்துடுவான் பாருங்கக்கா. அப்புறம் அவன் பின்னால ஓடி உங்களால முடியாது” என்றாள்.

அதுவரை யாரும் அம்மாவிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா முந்தானையை இழுத்துத் தம்பியின் கால்களை மூடினாள். வெயிலுக்காக என்றுதான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு நல்ல நிழலை விட்டு ஏன் எழுந்தாள் என்று விளங்கவில்லை. தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீதியைத் தாண்டிப் போய், எதிர்ப்புறம் வெயிலில் தொட்டிலை இறக்கி வைத்திருந்த வேறொரு குடும்பத்தின் பக்கத்தில், அவர்கள் பார்க்கும்படியாக, அவர்களும் கேட்கட்டும் என்பதுபோல உட்கார்ந்துகொண்டாள்.