இயந்திர மனிதனுக்குத் தாம்பரத்துக் குரல்

பழைய வீடியோ கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தருவது என் தொழில்; படத்தோடு மல்லுக்கட்டுவது பாதி, பூஞ்சையோடு மல்லுக்கட்டுவது மீதி. பரண்மேல் கேசட்டை வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்க மெஷின் இல்லாமல் தவிக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார்ட்டூன்தானே!

கிழக்குத் தாம்பரத்தில் இதே கடை ஒரு காலத்தில் வீடியோ லைப்ரரி. பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்கு என்று நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. ஜப்பான் கேசட் ஒன்று வந்தது. அட்டையில் பெரிய கண்ணோடு மோட்டார் சைக்கிளில் ஒருத்தன். போட்டுப் பார்க்காமலே குழந்தைகள் வரிசையில் அடுக்கிவிட்டேன். சர்ச்சில் கோடை விடுமுறை வகுப்பு நடத்தும் டீச்சர் அதை வாங்கிப் போனார்.

பத்தாவது நிமிடத்தில், பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான ஒரு போலீஸ்காரனின் கை துண்டாகி விழும். ரத்தத்தோடு ஒயரும் தொங்கும். மறுநாள் டீச்சர் கடை வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பயந்துபோய்ப் பாதியிலயே நிறுத்திட்டேன். அந்தப் போலீஸ்காரனுக்குக் கை திரும்பக் கெடைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

எண்ணெய் வைத்தியம்

போன மாதம் பீர்க்கன்கரணையிலிருந்து செல்வின் என்று ஒருவர் வந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. கையில் அதே படத்தின் கேசட். திறந்தால் சுருள் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, அதன்மேல் தேங்காய் எண்ணெய் வாசம். தலையில் தேய்க்க வேண்டியதைக் கேசட்டில் தேய்த்திருக்கிறார்! நன்றாகத் திட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் அருளுக்குப் போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. கழுத்தில் வைத்துப் பேசும் சின்ன மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் வரும் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரிடமும் எழுதியே காட்டுகிறாராம். "ரெண்டு பேரும் இந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்போம். திரும்பப் போட்டா ஒரு வார்த்தையாவது பேசிடுவார்னு தோணுதுண்ணா. எப்படியாவது எடுத்துக் குடுங்க."

சந்தையில் புதுக் கை

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, மூன்றாம் நாள் ஓட்டினேன். செல்வினும் பக்கத்தில் இருந்தார். படத்தில் ஜப்பான் மொழியையே காணோம். அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியும், மைக் செருகும் வசதியுள்ள வி.சி.ஆரில் போட்டு, படத்தை அப்படியே விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பதினேழு வயது அருளின் குரல்தான். கை போன போலீஸ்காரன் மழையில் நின்றுகொண்டு, "இப்ப இன்னா? பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல வேற கை வாங்கிக்கினா போச்சு!" என்றான்.

செல்வின் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்று எனக்கு வெறும் வெட்டும் குத்துமாகத் தெரிந்த படம் இப்போது வேறாகத் தெரிந்தது. பாவம் அந்தப் போலீஸ்காரன், உடம்பெல்லாம் இரும்பான பிறகு தான் இன்னும் மனிதன்தானா என்று கேட்டுக்கொண்டே அலைகிறான். ஆனால் எண்ணெய் ஊறிய இடத்தில் மூன்று நிமிடம் சத்தமே இல்லை. செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அங்கதான்ணா அந்தப் போலீஸ்காரன் மனசு விட்டுப் பேசுவான்!"

ஆராதனைக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அருள் மனைவியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். படத்தை டிவியில் போட்டுக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தன் பழைய குரலைக் கேட்டதும் அருள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்குப் பதறியது. சத்தம் இல்லாத இடமும் வந்தது. போலீஸ்காரனின் வாய் அசைகிறது, வார்த்தை இல்லை. அந்த இடத்தைத் தள்ளிவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

அருள் தலையசைத்துத் தடுத்தார். மனைவியிடம் கை நீட்டினார். அவர் கைப்பையிலிருந்து மெஷினை எடுத்துக் கொடுக்க, அதைக் கழுத்தில் வைத்து, வாயசைவுக்குச் சரியாக, மூன்று நிமிட வசனத்தையும் சொல்லி முடித்தார். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, அதே கரகரத்த சத்தத்தில் சொன்னார்: "இன்னாத்துக்கு எல்லாரும் அழுதுகினு கீறீங்க? மெஷின் மனுசனுக்குக் கரெக்டான கொரல் இப்பத்தான் கெடச்சிகீது!"

இத்தனை வருஷத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை, என்னால் செய்ய முடியாமல் போன அந்த மூன்று நிமிடம்தான்.