ராணுவ ஆபீஸில் ஒரு ஸ்டேப்ளர்க்காரி

ராணுவத்தில் வேலை என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, துப்பாக்கி கொடுத்தார்களா என்பதுதான். எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்டேப்ளர், அதற்கும் பின் நானே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் தோணிரேவு. பழவேற்காடு ஏரிக்கரை. நைனா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அப்படித்தான் வாயில் வரும். நான் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு பயிற்சி நிலையத்தில் கிளார்க். சீருடை இல்லை, ரேங்க் இல்லை, ‘சிவிலியன்’ என்கிற பட்டம் மட்டும் உண்டு. உங்களில் யாரெல்லாம் அடுத்தவர் கையெழுத்துக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறீர்களோ, நீங்கள் எல்லோரும் எனக்கு உறவு. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முதல் சல்யூட்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, வாசலில் கர்னல் ஜீப்பிலிருந்து இறங்கினார். சுற்றி இருந்த அத்தனை பேரும் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள். நான் மட்டும் சும்மா நின்றால் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து நானும் ஒன்று வைத்தேன். டிபன் பை அந்தக் கையில்தான் இருந்தது. பை நெற்றியில் மோதி, குழம்பு கசிந்து, மூக்கு வழியாக இறங்கியது. கர்னல் ஒரு நொடி நின்றார். பிறகு பதிலுக்கு முறைப்படி ஒரு சல்யூட் வைத்துவிட்டு உள்ளே போனார்.

எங்கள் ஹெட் கிளார்க் ஒரு சுபேதார். ராஜஸ்தான்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், சுபேதார் சாப் என்றுதான். மூன்று வருடமாக இந்தக் கரையில் இருப்பதால் எங்கள் ஊர்த் தமிழே பேசுவார். தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மேடம், சிவிலியன் சல்யூட் வெக்க வேணாம். நீ வெச்சா அவரும் வெக்கணும். அவருக்குத் தோள்ல வலி கீது.”

பாத்திர விஷயம்

கடற்கரையில் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் படகுகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதற்கு முன்னால் கிராமங்களுக்கு நோட்டீஸ் போகும். நான் வருவதற்கு முன்பு வரை அதை இங்கிலீஷில் எழுதி, போனில் போட்டுத் தமிழாக்கி, அப்படியே ஒட்டிவிடுவார்கள். நான் சேர்ந்த புதிதிலும் அப்படி ஒன்று போயிருக்கிறது. இங்கிலீஷில் ‘வெசல்ஸ்’ என்று இருந்ததை அந்தப் போன் தன் அறிவுக்கு எட்டியபடி மொழிபெயர்த்து, ‘அனைத்துப் பாத்திரங்களும் அபாயப் பகுதியை விட்டு விலகி இருக்க வேண்டும்’ என்று போட்டிருந்தது.

பாத்திரம்தானே, படகு இல்லையே என்று பத்துப் பன்னிரண்டு படகுகள் கிளம்பிவிட்டன. அதில் எங்கள் நைனாவின் படகும் ஒன்று. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து யாரோ பைனாகுலரில் பார்த்துக் கத்த, கடைசி நிமிடத்தில் பயிற்சியை நிறுத்தினார்கள். விஷயம் ஆபீஸுக்கு வந்ததும் நைனாவுக்குப் போன் போட்டு, குரல் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நோட்டீஸை நானே எழுதுகிறேன்.

சாயங்காலம் விளக்கம் சொல்ல ஊருக்குள் போனேன். பக்கத்துத் தெரு கனகம்மா கரையில் ஒரு கூடை அழுக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஏரியில் கையாலேயே தடவி இறால், நண்டு பிடிக்கிறவள். என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டாள்: “ஏம்மே, உங்க ஆபீஸ்ல இன்னா நெனைச்சிக்கினு கீறாங்க? துப்பாக்கி சுடற அன்னிக்கி ஏனம் கழுவக் கூடாதாமே! நாங்க ஏனம் கழுவுனா அவங்களுக்குக் குறி தவறிடுமா?”

லீவுக்குக் காரணம்

ஏழுமலை எங்கள் ஆபீஸ் உதவியாளர். சுண்ணாம்புக்குளத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். பொய் சொல்லத் தெரியாது. அரசாங்க வேலையில் அது பெரிய ஊனம். ஒருநாள் இரண்டு நாள் லீவு கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்கிற இடத்தில், ‘ஏரியில் இறால் ஓடுது’ என்று எழுதியிருந்தார். நான் அதை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். “ஓடுதும்மா, நெசமாத்தான் ஓடுது,” என்றார். மேலே போன விண்ணப்பம், ‘எங்கே ஓடுகிறது, யார் துரத்துகிறார்கள், விளக்கவும்’ என்று ஒரு இளம் கேப்டனின் பச்சை மை குறிப்போடு திரும்பி வந்தது.

ஏழுமலை நொந்துபோய்விட்டார். அந்த வாரம் ஏரி இறாலை அள்ளிக் கொடுக்கிற வாரம். வீட்டில் எல்லோரும் தண்ணீரில் நிற்கும்போது இவர் இங்கே டீ கிளாஸ் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். சுபேதார் சாப் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புதுப் படிவம் ஒன்றை முன்னால் தள்ளினார்: “ஏழுமலை, ஜொரம்னு எழுது, நான் கையெழுத்து போடுறேன். நெசத்தை எழுதுறதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல.”

எட்டுப் பேரும் ஒரு ரப்பர் படகும்

இது சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பயந்த கதை. கோடையில் ஒரு நாள், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக எட்டுப் பேர் ரப்பர் படகில் ஏரிக்குள் போனார்கள். பதினோரு மணிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ள இறங்கிய இரண்டு பேர் தொடை வரை புதைந்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஒருவருக்கு மயக்கம். மீட்கப் போன மோட்டார் படகும் அரை வழியில் தரை தட்டி நின்றது.

கர்னல் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். உள்ளூர்ப் படகைக் கூப்பிடலாம் என்றேன். பயிற்சி நடக்கும் இடத்துக்குள் வெளியாட்கள் வர எழுத்தில் அனுமதி வேண்டும், கர்னல் கையெழுத்து வேண்டும் என்றார் சுபேதார் சாப். அவர் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கர்னல் போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வராந்தாவுக்குப் போய் நைனாவைக் கூப்பிட்டேன். திரும்பி வந்து, “எங்க நைனா படகு எடுத்துக்கிட்டு வர்றாங்க சாப்,” என்றேன். அவர் அதை அப்படியே டைரியில் குறித்துக்கொண்டார்.

நைனா தட்டைப் படகில் குடத்தோடு தண்ணீர் ஏற்றிக்கொண்டு, வழியில் இறால் தடவிக்கொண்டிருந்த கனகம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார். சேறு ஆரம்பிக்கிற இடத்தில் அவரும் படகை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் கனகம்மாதான். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கவ்வியபடியே, காலால் கெட்டித் தரையைத் தடவித் தடவி அந்த எட்டுப் பேரிடம் போய்ச் சேர்ந்தாள். புதைந்தவர்களைப் பூட்ஸைக் கழற்றச் சொல்லி இழுத்தாள். பிறகு மயங்கியவரை இருவர் தூக்கிக்கொள்ள, மற்றவர்கள் அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, வரிசையாக நடந்து வந்தார்கள். இரண்டு ஜோடி பூட்ஸ் இன்னும் ஏரியில்தான் இருக்கிறது.

எல்லோரும் கரை சேர்ந்தார்கள். மயங்கியவருக்கு குளுக்கோஸ் ஏறியது. சாயங்காலம் கர்னல் வந்து இறங்கியதுமே, வெளியாட்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார்,” என்றார் சுபேதார் சாப். கர்னல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சுபேதார் சாப் கம்ப்யூட்டரைக் காட்டினார்: “அழுவாத, டைப் பண்ணு மேடம். பர்மிஷன் நான் காலைல பதினோரு மணிக்கே குடுத்துட்டேன், இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது.”

ஸ்ரீமதி

இந்த உதவிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பதென்று முடிவானது. பத்திரம் மேலிடத்தில் அச்சாகி, கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. வாசலில் சின்ன விழா. நைனா வெள்ளை வேட்டி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தார். கனகம்மா கூட்டத்தோடு நின்றாள். கர்னல் பத்திரத்தைப் பார்த்துக் கம்பீரமாக அழைத்தார்: “ஸ்ரீமதி நைனா தேவி!”

யாரும் நகரவில்லை. நான் சுபேதார் சாப்பைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவர் ஊரில் நைனா என்பது பெண்கள் பெயராம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நான் மரியாதைக்கு ‘வர்றாங்க’ என்று சொன்னதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டைரியில் இருந்தது அவரே எழுதிய அறிக்கைக்குப் போய், அறிக்கையில் இருந்தது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது. கர்னல் காது சிவந்துபோய், திருத்தி அடிக்கச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நைனா கையை ஆட்டித் தடுத்தார்.

“பொம்பளை பேரு போட்டதும் சரிதான் சார். நான் படகுல குந்திக்கினு இருந்தேன். சேத்துல எறங்கி இட்டாந்தது அது,” என்று கனகம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கர்னல் அவளைப் பார்த்தார். பிறகு விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். தோளில் வலி இருந்தால் அன்று காட்டிக்கொள்ளவில்லை. பத்திரத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். எழுதியிருந்த பெயரை நான் படித்துச் சொல்லி, இது உன் பெயர் இல்லையே, பரவாயில்லையா என்று கனகம்மாவிடம் கேட்டேன். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னாள்: “வுடும்மே, ரேஷன் கார்டுல கீறதும் என் பேரு இல்ல.”

நாட்டைக் காக்கிற வேலையில் என் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், அதை மூன்று நகல் எடுத்து மூன்று ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறேன், அசல்தான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.