சோறு போடவில்லை என்று எழுதினேன்

கல்யாணமாகி மூன்றாவது வாரம் என் கணவர் கனடாவுக்குத் திரும்பிப் போனார். அவருக்கு அங்கே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது. மனைவியை ஸ்பான்சர் செய்து அழைத்துக்கொள்ளலாம், ஒரு வருடத்தில் விசா வந்துவிடும் என்றார்கள். நான் கரூர்ப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டு ஆவடிக்குப் பக்கத்தில் நெமிலிச்சேரியில் இருந்த மாமியார் வீட்டுக்குப் பெட்டியோடு போனேன்.

வீட்டில் அத்தையும் நானும் மட்டும்தான். மாமா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அத்தை ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்தார். காலை ஏழு மணிக்கு வேன் வருவதற்குள் எனக்கு டிபன் செய்து, மதியத்துக்கும் டப்பாவில் கட்டி வைத்துவிடுவார். வீட்டில் இருந்த ஒரே படுக்கையறையை எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் என்றதற்கு, "எனக்கு ஃபேன் காத்து ஒத்துக்காது கண்ணு, நீ படு" என்றார். ஹாலிலும் அதே மாதிரி ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் போயிற்று. கல்யாணப் புகைப்படங்கள், வாட்ஸ்அப் பேச்சுகள், போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. இணையதளத்தில் மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி மாறாமல் நின்றது. வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன். போனில் நானும் அவரும் சண்டை போட ஆரம்பித்திருந்தோம்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அண்ணா நகரில் ஒரு ஏஜென்ட்டிடம் அழைத்துப் போனாள். அவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மேடம், எல்லாம் பக்காவா இருக்கு. ஆனா நீங்க இங்க கஷ்டப்படுறீங்கன்னு அவங்களுக்குத் தெரியவே இல்ல. அவசரமா முடிச்சுத் தாங்கன்னு ஒரு லெட்டர் போடலாம். மாமியார் வீட்லதான இருக்கீங்க? அதையே கொஞ்சம் அழுத்தமா எழுதுங்க."

"அவங்க நல்லவங்க சார்" என்றேன்.

"நல்லவங்கன்னு எழுதினா எதுக்கு மேடம் அவசரம்?"

அன்று இரவே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதால் யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருந்தது. கணவரின் தாயார் என்னை மனவேதனைக்கு உள்ளாக்குகிறார், எனக்குச் சரியாகச் சாப்பாடு தரப்படுவதில்லை, நிம்மதியாகத் தூங்க எனக்கென்று ஓர் இடம் இல்லை. கடைசி வரியை அத்தை விட்டுக்கொடுத்த அந்த அறையில், அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்தேன்.

கடிதத்தில் நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் மதிப்பு அதிகம் என்றார் ஏஜென்ட். கூடவே, தான் முன்னின்றுதான் கல்யாணம் நடந்தது, மருமகள் தன் வீட்டில்தான் வசிக்கிறாள் என்று அத்தையும் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு வக்கீல் அறைக்குப் போனேன். அத்தை கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டு பத்திரங்களும் ஒரே ஃபைலில் இருந்தன. வக்கீல் அத்தையிடம், "இங்கிலீஷ் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். தமிழ்ல கையெழுத்துப் போடுவேன்."

"அப்போ நான் தமிழ்ல படிச்சுச் சொல்லிடணும், அதான் ரூல்" என்று சொல்லிவிட்டு, மேலே இருந்த தாளை எடுத்தார். அது என் கடிதம்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சாப்பாடு தரப்படுவதில்லை என்ற இடம் வரும்வரை அத்தை தலையாட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஆட்டவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். கையை நீட்டி அந்தத் தாளை வாங்கியிருக்கலாம். 'சார், அது வேற' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீலே நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இது யாரோடது?"

"என்னோடது சார்."

அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததைப் படித்தார். அத்தை கையெழுத்துப் போட்டார்.

ஆவடி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி தூரம் வந்த பிறகுதான் கேட்டார். "நான் சோறு போடலன்னு ஏன் கண்ணு எழுதுன?"

"சும்மாதான் அத்தை. அப்படி எழுதினா சீக்கிரம் விசா வரும்னு ஏஜென்ட் சொன்னாரு."

"அப்ப சரி" என்றார். ஆவடியில் இறங்கும்போது, "அவன்கிட்ட சொல்லிக்காத. அங்க ஒண்டியா கீறான், மனசு கஷ்டப்படுவான்" என்றார்.

நான் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. அவரே 'சரி' என்று சொல்லிவிட்டதால் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கடிதத்தை அனுப்பவும் செய்தேன்.

அத்தை மாறிப் போனார். அறைக்குள் வருமுன் கதவைத் தட்டினார். சாப்பிடும்போது ஒவ்வொரு முறையும், "போதுமா? இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்து, குழம்பு ஊற்றி, தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்த ஒரு போட்டோ புடிச்சு அந்த விசா ஆபீசருங்களுக்கு அனுப்பேன் கண்ணு. நான் சோறு போடறேன்னு தெரியட்டும்."

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் படம் எடுத்தேன். "அனுப்பிட்டியா?" என்றார். அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து விசா வந்தது. கனடா போன பிறகு என் ஃபைலில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளின் நகலை விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தேன். என் கடிதம் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. விரைவுபடுத்தக் கோரியுள்ளார், நடவடிக்கை தேவையில்லை. அவ்வளவுதான். விசா வரிசைப்படி வர வேண்டிய நேரத்தில்தான் வந்திருக்கிறது.

நான் கர்ப்பமானபோது என் கணவர் அத்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க வைத்தார். அது கைக்கு வந்த பிறகும் அத்தை வர மறுத்தார். குளிர் ஒத்துக்காது என்றார், வேன் பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றார். ஒருநாள் நான் தனியாகப் பேசியபோதுதான் சொன்னார். "வேணாம் கண்ணு. அந்த ஊரு ஆபீசருங்கோ என்னப் பத்தி படிச்சிருப்பாங்கல்ல? அவங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

அப்படியெல்லாம் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிரசவத்துக்கு என் அம்மா வந்தார்.

என் கணவரிடம் போன வருடம்தான் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இதை நீ எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

டிசம்பரில் நெமிலிச்சேரிக்குப் போனோம். அத்தை குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "அத்தை, அந்த லெட்டர்... நான் பண்ணது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் குழந்தைக்குச் சட்டையை மாட்டி, பித்தான்களைப் போட்டு முடித்தார். பிறகு சொன்னார். "நீ எழுதுனதுல எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கி அந்த வக்கீல் படிச்சப்ப நீ சும்மா நின்னுகினு இருந்தியே, அதான். அது மறக்கல கண்ணு. மறந்துட்டேன்னு சொன்னா பொய்."

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உலை வைக்க எழுந்து போனார். இப்போதெல்லாம் கனடாவுக்கு வாருங்கள் என்று நான் கேட்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் போய்வருகிறோம்.